சாம்பலில் கிடைத்த பித்தளைப் பூண்

மாப்ளே ஏழுமலை, என் தங்கை கழுத்தில் தாலி கட்டுவதற்கு முன்பே எனக்குச் சிநேகிதனாக இருந்தவனே,

திண்டிவனத்தில் உன் ஸ்னூக்கர் ஹால் நன்றாக நடக்கிறது. காலை பத்து மணிக்கு கீர்த்தனாவே மாடிக் கதவைத் திறக்கிறாள். பேங்க் வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த உன் பெண் இப்போது மூன்று டேபிளுக்கு முதலாளி. எல்லாவற்றுக்கும் புதுத் துணி போட்டுவிட்டாள். சிகரெட்டோடு மாடி ஏறுகிறவனைப் படியிலேயே நிறுத்திவிடுகிறாள். உனக்கு அந்தத் தைரியம் கடைசிவரை வரவில்லை.

இது நல்ல சேதி. நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றைச் சொல்ல.

நீ பந்தடித்த ஸ்டிக்கை எரித்தது நான்தான். நெஞ்சு வலிக்கிறது என்று சொன்ன அரை மணி நேரத்தில் நீ போய்விட்டாய், எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. ஹாலிலிருந்து அதை எடுத்து வந்து, வறட்டி அடுக்கும்போது உன் வலது கைப் பக்கம் வைத்தேன். பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லையே, கீர்த்தனா தெருமுனையோடு நின்றுவிட்டாள். அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏன் கேட்கத் தோன்றவில்லை?

மறுநாள் பால் தெளித்து எலும்பு பொறுக்கும்போது சாம்பலில் ஏதோ உருண்டது. ஸ்டிக் நுனியில், பந்தைத் தொடுகிற தோல் டிப்புக்குக் கீழே மாட்டுகிற பூண். கருத்துப் போயிருந்தது, உருகவில்லை.

இருபது வருஷம் இதற்காகத்தானே சண்டை போட்டோம்? "பித்தளை வேணாம் மாப்ளே, நுனி கனமாப் பூடும். ஓரத்துல அடிச்சா பந்து வெலகிக்கினு போவும். லேசா ஃபைபர் போட்டுத் தரேன்" என்பேன். "உன் ஃபைபரு தொக்குனு செத்த சத்தம் குடுக்குது மச்சான். பித்தளை கணீர்னு பேசும்" என்பாய். சத்தம், கனம், உழைப்பு என்று எல்லாவற்றையும் பேசினோம், நெருப்பைப் பற்றி மட்டும் பேசவே இல்லை. என் பேச்சைக் கேட்டு ஃபைபர் போட்டிருந்தால் அன்றைக்கு என் கையில் எதுவும் கிடைத்திருக்காது.

எலும்போடு சேர்த்துக் கடலில் கரைத்திருக்க வேண்டும். யாரும் பார்க்காதபோது கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கீர்த்தனா கேட்டாள். "மாமா, அப்பா ஸ்டிக்கு எங்க? ஹால்ல காணோம்."

"ரிப்பேருக்கு நான்தான் எடுத்துக்கினு போனேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. தாய்மாமன் சொல்லும் பொய்யை யார் சந்தேகப்படுவார்கள்?

விழுப்புரத்துக்கு வந்ததும் என் கடைசல் பட்டறையில் உன் ஸ்டிக்கைப் போலவே இன்னொன்று கடைந்தேன். அதே நீளம், அதே எடை, அதே கருத்த பிடி. அவசரத்துக்குக் கையில் இருந்த பிளாஸ்டிக் பூணை மாட்டினேன். நாலு அடிக்கே விரிசல் விட்டது. பிறகு ஃபைபர் போட்டுக் கொண்டுபோனேன். ஒரே அடி அடித்துவிட்டுத் திருப்பித் தந்தாள். "அப்பா பித்தளைதான மாமா வச்சிருந்தாரு?" புதுப் பித்தளை போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து போன். "சத்தம் சரியாத்தான் இருக்குது. ஆனா தொட்டா சில்லுனு இருக்குது மாமா."

அதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை. பீரோவைத் திறந்து கைக்குட்டையைப் பிரித்தேன். ஒன்றரை மாதம் ஆகியிருந்தது மாப்ளே. பூண் சுட்டது.

கை கொப்பளிக்கிற சூடு இல்லை. காய்ச்சல் குழந்தையின் நெற்றி மாதிரி. பீரோவுக்குள் வெயில் ஏது? ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் குளிர்ந்தே இருந்தது, எடுத்த பூண் சுட்டது. துணியால் பிடித்துத்தான் ஸ்டிக்கில் மாட்டினேன். ஒரு பகல் முழுக்கக் காய வேண்டிய பசை, நான் கை துடைப்பதற்குள் இறுகிவிட்டது.

கீர்த்தனா வாங்கி, பூணைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அன்றிலிருந்து வேறு ஸ்டிக்கைத் தொடுவதில்லை.

போன வாரம் உன் பெண்டாட்டி சாந்தி போன் செய்தாள். மத்தியானம் ஹாலைப் பூட்டிவிட்டுக் கீழே இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். "மேல கணீர்னு ஒரு அடி வுழுந்துதுண்ணா. நான் கீர்த்திய பாத்தேன். அவ தலைய நிமித்தவே இல்ல, அவ பாட்டுக்கு சாப்ட்டுக்கினு இருந்தா."

உண்மையைச் சொல்லிவிடுவது என்று வெள்ளிக்கிழமை பஸ் ஏறினேன். கூட்டேரிப்பட்டு தாண்டும்வரை மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஹாலில் நுழைந்து "கீர்த்தி, அந்த ஸ்டிக்கு..." என்று ஆரம்பித்ததுமே அவள், நுனியில் சாக்கட்டி தடவிக்கொண்டே சொன்னாள்.

"அப்பாது இல்ல. மொத நாளே தெரியும் மாமா. பிடியில நான் சின்னதுல கடிச்ச பல்லுத் தடம் இல்ல."

"அப்புறம் ஏன் வச்சிக்கினு இருக்க?"

"ஸ்டிக்குதான் அப்பாது இல்ல. பூணு அப்பாது." என்னை நேராகப் பார்த்தாள். "அப்பா ஸ்டிக்க என்னா பண்ணீங்க? இது மட்டும் உங்க கைக்கு எப்பிடி வந்துச்சு?"

அப்படியே படி இறங்கி வந்துவிட்டேன். நான் கோழை, உனக்குத் தெரியாததா?

அவள் திட்டுவாள் என்று பயமில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும். சாம்பலில் பொறுக்கியது என்று தெரிந்த நிமிஷம் அது ஆறிப்போய்விட்டால்? கேட்காமல் ஒரு முறை எரித்தேன். இரண்டாம் முறையும் அவளிடமிருந்து உன்னைப் பிடுங்கியவன் நானாகிவிடுவேனே.

ஆனாலும் சொல்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, ஊர் என்ன பேசினாலும் பேசட்டும், அவளைச் சுடுகாட்டுக்கே கூட்டிப்போய், உன்னைப் படுக்க வைத்த இடத்தில் நிறுத்தி, ஒன்று விடாமல் சொல்கிறேன். இது சத்தியம். ஸ்டிக் அவள் கையில்தான் இருக்கும். அந்தச் சூட்டுக்குப் பயந்து அதைத் தொடவே கூசியவன் கேட்கிறேன்: நான் சொல்லி முடித்த பிறகும் ஆறிவிடாதே, மாப்ளே.

உன் பெண்டாட்டிக்கு அண்ணன், உன் பெண்ணுக்குத் தாய்மாமன்,
உன் மச்சான் தனசேகர்,
விழுப்புரம்.