பிளந்த தெற்குச் சுவர்

கயத்தாறு,
ஆவணி 12.

அன்பு மகள் செல்வமாரிக்கு அம்மா எழுதுறது. நானும் அப்பாவும் உயிரோட இருக்கோம், அதை முதல்ல தெரிஞ்சுக்கோ. புனேயில நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நல்லா இருக்கணும். போன்ல சொன்னா ரெண்டு பேரும் அழுதுட்டு வச்சிருவோம், அதான் கடுதாசி.

நம்ம வீட்டைக் கட்டுனப்ப உன் பூட்டன் கரிசல் மண்ணை நம்பாம ரெண்டு ஆள் ஆழம் தோண்டி பாறை மேல அஸ்திவாரம் போட்டாவ. சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டியும் சேத்து அரைச்ச சாந்து, ரெண்டடிச் சுவரு, தேக்கு உத்திரம். கோடையில ஊரு வீடெல்லாம் விரிசல் விட்டாலும் நம்ம வீட்டுல கீறல் விழுந்ததில்ல. இப்ப அந்தப் பாறையே எமனாப் போச்சு. ஊருக்குப் பக்கத்துல இருக்கிற கல் குவாரியில வெடி வச்சா அதிர்ச்சி பாறை வழியா நேரா வீட்டுக்குள்ள ஏறுது. தெற்குச் சுவரு உச்சியிலருந்து தரை வரைக்கும் பிளந்துட்டு. வெடியை நிறுத்தச் சொல்லி அப்பா கலெக்டர் ஆபீசுல மனு குடுத்தாவ.

அதுக்குத்தான் போன செவ்வாக்கிழமை காலையில நாலு பேரு கடப்பாரையோட வந்தானுவ. முன்னால நின்னவன் உன்கூடப் படிச்ச பூவனலிங்கம், இப்ப குவாரியில மேஸ்திரி. மனுவை வாபஸ் வாங்கிட்டு வீட்டைக் குவாரிக்கு எழுதிக் குடுங்கன்னான். அப்பா முடியாதுன்னாவ. விழப்போற வீடுதானே, நாங்களே தள்ளிவிடுதோம்னு சுவத்துல கடப்பாரையை இறக்குனானுவ. அப்பா குறுக்க போயி நின்னாவ. பூவனலிங்கம் கடப்பாரையைத் திருப்பித் தோள்ல அடிச்சான், எலும்பு முறிஞ்ச சத்தம் அடுப்படியில நின்ன எனக்குக் கேட்டுச்சு. விழுந்தவியளை மிதிச்சானுவ. நான் உலக்கையோட ஓடிவந்து பூவனலிங்கம் முழங்கால்ல போட்டேன். மத்தவனுவ அவனைத் தூக்கிட்டு ஓடிட்டானுவ.

அப்பாவுக்குத் தோள்ல பிளேட் வச்சிருக்கு, தலையில ஒன்பது தையல். கண்ணு முழிச்சதும் போலீசுகிட்ட, பூவனலிங்கத்தை அடிச்சது நாந்தான்னு சொல்லிட்டாவ. நான் ஸ்டேஷனுக்குப் போயி, அவிய இல்ல நாந்தான்னு எழுதிக் குடுத்தேன். விசாரணை முடியுற வரைக்கும் வெடி வைக்கக் கூடாதுன்னு உத்தரவு வந்திருக்கு. பூவனலிங்கத்தோட அம்மை சொர்ணத்தாய் ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சு, இனி கால் மடங்காதாம் மதினின்னு அழுதா. நானும் அழுதேன். ஆனா அவனுவ மேல குடுத்த கேசை வாபஸ் வாங்க மாட்டேன்னுட்டேன்.

ஏட்டி, வீட்டுல உனக்கும் பங்கு இருக்கு. அங்கன யாரு வந்து கேட்டாலும் கையெழுத்துப் போட்டுராத. பிள்ளையைக் கூட்டிட்டு இப்ப இங்கன வராத. வேளைக்குச் சாப்பிடு. குலசாமி உங்க மூணு பேரையும் காக்கும்.

வர்ற பதினெட்டாம் தேதி கோர்ட்டு. பதட்டத்துல உலக்கை பட்டுட்டுன்னு சொல்லச் சொல்லுதாரு வக்கீலு. உன்கிட்ட மட்டும் சொல்லுதேன். முதல் அடி அப்பாவைக் காப்பாத்த. பூவனலிங்கம் கீழ விழுந்த பிறகு இன்னொன்னு அடிச்சேன், அது ஆத்திரத்துல. ஜட்ஜு கேட்டா ரெண்டையும் சொல்லுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
கல்யாணசுந்தரி