துபாயில் இல்லாத புருஷனும் முதல் கூடையும்

என் உயிரான கன்னியம்மா அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி ஒன்பது மாசம் ஆகிறது. நம் மகளிர் குழுவில் எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் இதை நோட்டுப் பேப்பரில் எழுதுகிறேன். என்னைப் பற்றி ஊருக்கே தெரிந்துபோன சில விஷயங்கள் உனக்கு மட்டும் தெரியாமல் இருக்கின்றன. அது நியாயமில்லை. முதலில் உன்னிடம்தான் சொல்லியிருக்க வேண்டும்.

சின்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன். அஞ்சாவது வரை படித்ததாக உன்னிடம் சொன்னேன் அல்லவா? நாலாவதோடு சரி. நண்டைக் கண்டால் எனக்கு உடம்பே நடுங்கும். உப்பள வாய்க்காலில் வேலைக்கு இறங்கும்போதெல்லாம் உன்னை முன்னால் விட்டது மரியாதைக்காக இல்லை. திங்கட்கிழமை தோறும் தூக்குவாளியில் கொண்டுவருவாயே, அந்தக் கருவாட்டுக் குழம்பு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. "இன்னும் கொஞ்சம் ஊத்திக்கடி பச்சையம்மா, வெக்கப்படாத" என்பாய். பத்து வருஷம் வெட்கப்படாமல் தின்றேன். சிரிக்கிறாயா? சிரித்துக்கொள். அடுத்ததைக் கேட்டால் சிரிப்பாயா என்று தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் துபாயில் இல்லை, அக்கா. ஒரு நாளும் இருந்ததில்லை. நான் மரக்காணத்துக்கு வருவதற்கு முந்தின வருஷமே அவர் செத்துப்போனார்.

கிளியனூர் பக்கம் கரும்புத் தோட்டத்தில் மோட்டார் போடப் போனவரை கரண்ட் அடித்துவிட்டது. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயசு. குழந்தை இல்லை. வந்து ஒன்றரை வருஷத்தில் புருஷனை முழுங்கிவிட்டாள் என்று மாமியார் வீட்டில் பேசினார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் என்னை மாட்டுக் கொட்டகையில் உட்கார வைத்தார்கள். மறுநாள் காலையில் கிளம்பிவிட்டேன். பாண்டிச்சேரி பஸ் ஸ்டாண்டில் ஒரு மஞ்சள் கயிறும் ஒரு குங்குமச் சிமிழும் வாங்கினேன். கயிற்றை நானே என் கழுத்தில் கட்டிக்கொண்டேன்.  கட்டி முடித்ததும் மரக்காணம் பஸ்ஸில் ஏறினேன்.

துபாய் எங்கிருந்து வந்தது தெரியுமா? பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் கூனிமேட்டுக்குப் போகிற இரண்டு அம்மாக்கள், தங்கள் பிள்ளைகள் துபாயிலிருந்து என்ன அனுப்பினார்கள் என்று வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தார்கள். உப்பளத்தில் வேலை கேட்டபோது மேஸ்திரி, "புருஷன் இன்னா பண்றான்?" என்றார். என் வாயில் அதுதான் வந்தது. துபாயில் இருக்கும் மனுஷனுடைய பெண்டாட்டியிடம் யாரும் வாலாட்ட மாட்டார்கள். தனியாக இருந்த பெண்ணுக்கு அது பெரிய வேலி.

அப்புறம் வேலிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதாகிவிட்டது. அவர் அனுப்பியதாக உனக்குக் கொடுத்தேனே வாசனை சோப்பு, முட்டிவலித் தைலம், எல்லாம் கூனிமேட்டில் பாய் கடையில் நானே வாங்கினது. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, "மகராசன், நூறு வயசு இருக்கணும்டி" என்று நீ வாழ்த்துவாய்.  வருஷா வருஷம் அவர் நலத்துக்கு வேண்டுதல் என்று சொல்லி இரும்பை சிவன் கோயிலுக்குப் போவேனே, அது அவர் செத்த நாள். "எம்பேர சொல்லி அவனுக்கு ஒரு கற்பூரம் ஏத்து" என்று கையில் காசு வைப்பாய். ஏற்றினேன், அக்கா. ஒரு வருஷம் கூட விடவில்லை. நீ எதற்கென்று கொடுத்தாய், நான் எதற்கென்று ஏற்றினேன்!

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முதல் கூடை விஷயம்தான் என்னைத் தின்றது.

குழுவில் உப்பள வேலைக்கு வராதவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். மழைக்காலம் முடிந்து பாத்தியில் உப்பு விளைந்து, முதன்முதலாக வாருகிற அன்று வரப்பில் கற்பூரம் காட்டுவோம். கூடைக்கு மஞ்சள் குங்குமம் வைப்போம். புருஷன் உயிரோடு இருக்கிறவள்தான் அந்த முதல் கூடையைத் தலையில் வைத்து, உப்பைக் குவிக்கிற மேட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அது கொட்டி முடிகிற வரைக்கும் புருஷனை இழந்தவர்கள் மதகு ஓரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும்.

உன் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் நீ தூக்கினாய். அவர் செத்த வருஷம் நீயே உன் சும்மாட்டுத் துணியை என் கையில் கொடுத்து, "இனிமே நீ தூக்குடி. உனக்கு அந்தக் கொடுப்பின இருக்குது" என்றாய். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ மதகடியில் போய் நின்றாய். நான் தூக்கினேன். ஏழு வருஷம். நீயும் நானும் ஒன்று என்பது எனக்கு மட்டும் தெரியும். உன் முதுகைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். கூடையின் கனம் அன்றைக்கு வேறு மாதிரி இருக்கும்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? வேலை போய்விடும் என்று பயந்தேன். அது பாதிதான். மீதி, நீ என்னை வெறுத்துவிடுவாய் என்ற பயம். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் உன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அப்போது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "புருஷனுக்கு லெட்டர் போட்டியாடி?" என்று கேட்டாய். போட்டேன் என்றேன். அதுதான் நாம் கடைசியாகப் பேசினது.

இந்த வருஷம் உன் இடத்துக்கு மகேசு வேலைக்கு வந்தாள். சுனாமி அவள் புருஷனைக் கொண்டுபோன பிறகு உன் மகள் எப்படி இருந்தாள் என்று உனக்குத் தெரியும். நீ போனதும் இன்னும் ஒடுங்கிவிட்டாள். முதல் வாரல் அன்று கற்பூரம் ஏற்றப்போகும் நேரத்தில் மேஸ்திரி அவளைப் பார்த்தார். நல்ல மனுஷன்தான், தயங்கித் தயங்கிச் சொன்னார். "மகேசு, கொஞ்ச நேரம் அந்தாண்ட போய் நில்லும்மா."

 நீ நின்ற அதே மதகடியில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். இருபத்தாறு வயசு.

நான் கூடையைக் கீழே வைத்துவிட்டேன்.

"இன்னாடி, சுளுக்கா?" என்றாள் எனக்கு அடுத்து நின்ற எல்லம்மா.

"என் வூட்டுக்காரர் செத்துப் பன்னெண்டு வருஷம் ஆவுது" என்றேன்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். எல்லம்மாவை உனக்குத் தெரியுமே, வாய் சும்மா இருக்காது. "அப்ப துபாய்லேர்ந்து சோப்பு அனுப்புனது ஆரு? ஆவியா?"

"கூனிமேட்டு பாய் கடையில நானே வாங்கனேன்."

"அடிப்பாவி! அந்தத் தைலம்?"

"அதுவும்தான்."

மேஸ்திரிக்கு முகம் வெளுத்துவிட்டது. "இன்னாம்மா இப்பிடி பண்ணிட்ட? ஏழு வருஷமா நீயாம்மா தூக்கன? உப்பளத்துக்கு ஆவாதேம்மா. அதான் சுனாமி வந்து அத்தினி பாத்தியையும் சேறாக்கிடுச்சி."

வேலை போனது என்று நினைத்தேன். சும்மாட்டை அவிழ்த்துவிட்டேன். அப்போது எல்லம்மாதான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "இன்னா மேஸ்திரி பேசற? சுனாமி மார்கழி மாசம் வந்துது. மார்கழியில எவ உப்புக் கூட தூக்குனா? போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மேட்டுல கொட்ட எடமில்லாம வெளஞ்சிதே, அன்னிக்கும் இவதான தூக்குனா? அத சொல்ல மாட்டியே!"

"அதுக்கில்ல எல்லம்மா…"

"எதுக்கில்ல? நானும் புருஷன் இருக்கறவதான். குடிச்சிட்டு கெடக்கறான். அவன் இருக்கறதாலயா உப்பு வெளையப் போவுது?"

சிரிப்பு வந்துவிட்டது எல்லாருக்கும். மேஸ்திரிக்கே கூட. ஆனால் நான் மகேசுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மதகடியிலிருந்து நடந்து வந்தாள். என் எதிரில் நின்று, "எங்கம்மாவ அங்க நிக்க வச்சிட்டு நீ தூக்குனியே, சின்னம்மா" என்றாள்.

 "ஆமாண்டி" என்றேன். "தப்புதாண்டி" என்றேன். உன்னிடம் சொல்ல வேண்டியதை அவளிடம் சொன்னேன்.  அவள் குனிந்து சும்மாட்டுத் துணியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "தூக்கி வுடு" என்றாள்.

மேஸ்திரி வாயைத் திறந்தார். எல்லம்மா திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். "வெயில் ஏறுது, சீக்கிரம் ஆவட்டும்" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி கற்பூரத்தை ஏற்றினார். கூடையை நான் தூக்கி உன் மகள் தலையில் வைத்தேன். அவள் நடந்துபோய் மேட்டில் கொட்டினாள். மதகடியில் யாரும் நிற்கவில்லை.

அவள் என்னை முழுசாக மன்னித்துவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அஞ்சாம் நாள் குழந்தையை என் வீட்டில் விட்டுவிட்டு ரேஷன் கடைக்குப் போனாள். அது போதும் எனக்கு.

முதல் வாரல் அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அவருக்காக அழுதேன், அக்கா. பன்னிரண்டு வருஷத்தில் சத்தம் போட்டு அழுதது அன்றைக்குத்தான். துபாயில் இருக்கிற மனுஷனுக்கு எப்படி ஒப்பாரி வைப்பது? இப்போது அவரைப் பற்றிப் பேசுகிறேன். நன்றாக விசில் அடிப்பார், வெண்டைக்காய் என்றால் உயிர், கோபம் வந்தால் மாட்டிடம் போய்ப் பேசிக்கொண்டிருப்பார் என்றெல்லாம் சொல்கிறேன். எல்லம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்கிறாள். மஞ்சள் கயிற்றைக் கழற்றிவிட்டேன். பொட்டு மட்டும் வைத்துக்கொள்கிறேன். எனக்குப் பிடிக்கும், அதனால்தான்.

நன்றாகத் தூங்குகிறேன். சோறு இறங்குகிறது. யாராவது பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திடுக்கென்று ஆவதில்லை. இவ்வளவு லேசாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் நீ உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருப்பேனே. சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? அடித்திருப்பாயா? மதகடியில் என் பக்கத்தில் நிற்க இடம் கொடுத்திருப்பாயா? அது மட்டும் எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

உன் வருஷத் திதி முடிந்ததும் ஆவணியில் உன் பேத்திக்குக் காது குத்துகிறோம். தாய் வீட்டு வரிசை என் வீட்டிலிருந்துதான் புறப்படும். தட்டை நான் தூக்குவேன். மகேசு என் பக்கத்தில் வருவாள். யார் முணுமுணுத்தாலும் மேளக்காரருக்கு அடுத்து நாங்கள் இரண்டு பேரும்தான் நடப்போம். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. இதில் பொய் இல்லை.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
காலஞ்சென்ற ஏழுமலையின் மனைவி,
பச்சையம்மா