இரண்டு என்று நான் சொன்ன வலி

எடிசன், அமெரிக்கா
14 நவம்பர் 1999

அன்பு மகள் கண்மணிக்கு அம்மாவின் ஆசிகள். ஜப்பானில், கோபேயில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்கத் திருச்செந்தூரான் துணையிருப்பான். இங்கே எல்லோரும் சுகம் என்று போன மூன்று கடிதத்திலும் எழுதினேன், அது பொய். அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய், ஈரல் வரைக்கும் போய்விட்டது. உனக்குச் சொல்லக்கூடாதென்று தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினார். மீறினால் என்ன ஆகுமோ என்று பயப்பட இனி ஒன்றும் மிச்சமில்லை, எழுதிவிட்டேன்.

மார்ச்சிலிருந்தே வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். பக்கத்து வீட்டு ராமசுப்ரமணியன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார், உள்ளே பேசுவது நான்தான், டாக்டரைக் கண்டால் அப்பா வாய் திறக்கமாட்டார் என்று உனக்குத் தெரியுமே. டிவி பார்த்து நானாகக் கற்ற இங்கிலீஷ்தான். நர்ஸ் ஒவ்வொரு தடவையும் ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எத்தனை என்பாள். அப்பா என்னிடம் நமநமங்குதுடி என்பார், இன்னொரு நாள் கடுகடுங்குது என்பார். நமநமவுக்கு என்ன நம்பர் போடுவது, ஏதோ அரிப்பு மாதிரி என்று நானே இரண்டு என்றேன். கடுகடுவுக்கு மூன்று. கூடச் சொன்னால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிடுவார்களே, ஆடிக் கிருத்திகை வருகிறதே, ஆஸ்பத்திரிச் சாப்பாடு இவருக்கு ஆகாதே என்ற பயமும் இருந்தது. அவர் சொன்னதையும் நான் சொன்னதையும் தேதி போட்டு நோட்டில் எழுதித்தான் வைத்திருக்கிறேன், ஏழு மாசம், மூன்றைத் தாண்டவேயில்லை.

ஆகஸ்டில் நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியைப் பற்றி வேடிக்கையாக எழுதியிருந்தாயே, அங்கே டாக்டரே வலி ஜுகிஜுகியா கிரிகிரியா ஷிகுஷிகுவா என்று கேட்பார், நோயாளி சொல்வதை வைத்தே மேலே பார்ப்பார் என்று. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார், அடேயப்பா நம்ம ஆளுங்கதான் போலிருக்கு, நாமதான் தப்பான நாட்டுக்கு வந்துட்டோம் என்றார். நீ எழுதின விளக்கத்தை விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தவர் ஷிகுஷிகுவில் நிறுத்தினார். பலமாக இல்லாமல், விடாமல், உள்ளே யாரோ மெல்ல அழுகிற மாதிரி வலிப்பது என்று எழுதியிருந்தாய். இதுதான்டி என் வலி, டாக்டரம்மாகிட்ட இதைச் சொல்லு என்றார்.

நான் சொல்லவில்லை கண்மணி. அமெரிக்கக்காரியிடம் போய் ஜப்பான் வார்த்தையைச் சொன்னால் சிரிப்பாள் என்று வெட்கம். வார்த்தை போகட்டும், விடாமல் வலிக்கிறது என்று அதன் அர்த்தத்தையாவது சொல்லியிருக்கலாம். அன்றைக்கும் இரண்டு என்றேன். அக்டோபரில் சுருண்டு விழுந்த பிறகுதான் ஸ்கேன். இத்தனை மாதம் ஏன் சொல்லவில்லை என்று டாக்டரம்மா கேட்டாள், கோபமாகக்கூடக் கேட்கவில்லை. இனிச் செய்ய ஒன்றுமில்லையாம், அவள் சொல்லும் நாளைப் பார்த்தால் பொங்கலைத் தாண்டாது. மார்ஃபின் கொடுக்கிறார்கள், எப்படி இருக்கிறது என்றால் ஒண்ணுமில்லை என்கிறார். குணமாக்கு என்று முருகனிடம் கேட்பதை நிறுத்திவிட்டேன், நீ வரும்வரை வைத்திரு என்று மட்டும் கேட்கிறேன், அதுவும் நடக்கும் என்று தோன்றவில்லை.

லீவு கிடைத்ததும் புறப்படு, கனமான கோட்டு எடுத்து வா, குளிர் ஆரம்பித்துவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, என்மேல் உனக்குக் கோபம் வரும், வரட்டும், கேள், ஆனால் அவர் முன்னால் வேண்டாம். அவர் எனக்காகப் பரிந்து பேசுவார், அதை என்னால் தாங்க முடியாது.

இப்படிக்கு,
உன் அம்மா