கடைசியாகப் பேச வேண்டியவர்

அன்புள்ள பெரியம்மா,

போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். பக்கத்து அறையில் அப்பா இன்னும் நித்திரை கொள்ளவில்லை.

தம்பி செவ்வாய்க்கிழமை பிறந்துவிட்டான், டாக்டர் சொன்ன நாளுக்கு ஏழு வாரம் முந்தியே. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறான். அவனுடைய பாதம் என் சின்னவிரல் அளவுதான். "அக்காவுக்குச் சொல்லட்டோ?" என்று அப்பா உங்களைப் பற்றிக் கேட்டார். "வேண்டாம். நாங்கள் சபை மாறின நாளிலையிருந்து அவவுக்கு நான் தங்கச்சி இல்லை" என்றார் அம்மா.

பள்ளிக்கூடத்தில் தேவதைக் கதைகள் படிக்கிறோம். பழங்காலத்தில் அந்தத் தேவதைகள் விதி சொல்லும் பெண்களாம். பிள்ளை பிறந்த வீட்டுக்கு வருவார்களாம், அவர்களுக்குக் கஞ்சி வைக்க வேண்டுமாம். கூப்பிடாமல் விட்டவள் சாபம் இடுவாள். அதை அழிக்க முடியாது. ஆனால் இன்னும் பேசாத ஒருத்தி இருந்தால், அவள் அதை மாற்றிச் சொல்லலாம்.

நீங்கள் சாபம் போடுகிற ஆள் இல்லை. ஞானஸ்நானத்தில் என்னை ஏந்திய ஞானத்தாய் நீங்கள்தானே. ஆனால் டாக்டர் நேற்றுப் பேசிவிட்டார். அதைக் கேட்ட பிறகு அப்பா காரை எடுக்காமல் நெடுநேரம் உள்ளே இருந்தார். நீங்கள் இன்னும் பேசவில்லை.

எங்கள் புதிய சபையில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் இல்லை, ஞானத்தாயும் கிடையாது. அதனால் தம்பிக்கு ஒருவரும் இல்லை. உங்கள் ஊர் ரண்டர்ஸிலிருந்து காலை ரயிலில் வாருங்கள். அம்மா ஏசினால், நான்தான் கூப்பிட்டேன் என்று சொல்லுங்கள். கஞ்சி நான் வைப்பேன், கொஞ்சம் அடிப்பிடிக்கும்.

உங்கள் ஞானப்பிள்ளை

இதைப் படம் பிடித்து அனுப்புகிறேன். உங்கள் நம்பரை அம்மாவின் போனில் பார்த்து எழுதி வைத்திருந்தேன். அதில் உங்கள் பெயர் இன்னும் 'அக்கா' என்றுதான் இருக்கிறது.