பத்து மணி வேண்டுதல்

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். கண்ணாடி போட்டாலும் அவளுக்கு எழுத்து தெரிவதில்லை. மேனேஜரை நீ திட்டியிருந்த இடத்தில், வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இன்னொரு ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்கிறார் டாக்டர். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அம்மா அடம்பிடிக்கிறாள். "போன தடவ அவன் வேண்டினதாலதான் பொழச்சேன். சாமியே இல்லேன்னு சொல்றவன், பத்து மணிக்கு எனக்காகக் கண்ண மூடியிருக்கான். இந்தத் தடவையும் வேண்டிக்கிறேன்னு எழுதச் சொல்லு. அப்புறம் போடறேன்." பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் இதே பேச்சுதான். தினமும் வேண்டுகிற எனக்கு இந்த வீட்டில் மதிப்பே இல்லை, போ.

ஒரு வரி எழுதிப் போடு. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

இதை அம்மாவுக்கு வாசிக்காதே. போனில் சொல்லலாம் என்று நினைத்தேன். உன் குரலைக் கேட்டால் மறுபடியும் பொய்தான் வரும், அதனால் எழுதுகிறேன்.

நான் அன்றைக்கு வேண்டிக்கொள்ளவில்லை.

ஏழு மாடிக் கட்டிடம் ஒன்றில் லிஃப்டுக்குக் கம்பிவடம் மாற்றிக்கொண்டிருந்தோம். பத்து மணிக்கு டீ வந்தது. ஸ்டோர்கீப்பர் தன் மாமனார் லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம், நானும்தான். அம்மாவை ஆபரேஷன் மேசையில் படுக்க வைத்திருப்பார்கள் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. பதினொன்றே முக்காலுக்கு நீ போன் பண்ணி, "நல்லபடியா முடிஞ்சுதுடா, வேண்டிக்கிட்டியா?" என்றாய். "பத்து மணிக்கே வேண்டிக்கிட்டேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

நம்பிக்கை இல்லாததால் வேண்டவில்லை என்றால்கூட அது ஒரு கொள்கை. நான் மறந்துபோனேன், அக்கா. ஓடவிட்டுப் பார்க்காத லிஃப்டுக்குச் சரி என்று இதுவரை நான் கையெழுத்துப் போட்டதில்லை. பெற்றவளிடம் போட்டுவிட்டேன். அவள் ஊரெல்லாம் என்னைப் புகழ்வதைப் படிக்கும்போது உடம்பு கூசுகிறது. இன்னொரு முறை அந்தப் பொய்யை எழுத எனக்குக் கை வரவில்லை. நீயே ஏதாவது சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடு.

மாமாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் தம்பி


பிப்ரவரி 15

தம்பிக்கு,

'வாசிக்காதே' என்று எழுதினால் ஆயிற்றா? தபால்காரர் குரல் கேட்டதுமே அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நானே ஒரு கடிதத்தைக் கற்பனை செய்து வாசிக்க ஆரம்பித்தேன். ஆண்டவன் அருளால் நலம், நிச்சயம் வேண்டிக்கொள்கிறேன் என்று பக்தியை அள்ளிக் கொட்டினேன். இத்தனை வருடம் கும்பிட்ட எனக்கு, சாமி பேரைச் சொல்லிப் பொய் சொல்லும்போது நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை. அதை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அம்மா கையை நீட்டித் தடுத்தாள். "மேனேஜரத் திட்டாம அவன் ஒரு பக்கம் எழுதமாட்டானே. உள்ளதப் படிடி."

படித்தேன். வேறு வழி தெரியவில்லை.

அவள் உன்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் போர்வையை நீவிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "வேண்டுதல் எல்லாம் நானே பண்ணிப்பேன். சாமிக்கு அவன் சிபாரிசு எதுக்கு? மயக்க மருந்து போடறப்போ அந்த நர்ஸ் பொண்ணு மணி பத்துன்னு சொல்லிச்சு. இந்நேரம் எம்புள்ள என்னை நெனச்சுக்கிட்டிருப்பான்னு தோணிச்சு. பயம் போயிடுச்சு. திரும்பவும் அந்த மேசையில படுக்கறப்போ, நான் என்னத்த நெனச்சுக்கறது?"

நீ மனசில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டாய், அவளிடமிருந்து அந்தத் தைரியத்தை எடுத்துக்கொண்டுவிட்டாய். உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை, வாசித்தவள் நான்தானே.

ஆபரேஷனுக்கு இருபத்திரண்டாம் தேதி என்று டாக்டர் குறித்திருக்கிறார். படிவம் இன்னும் அவள் தலையணைக்கு அடியில் கையெழுத்தில்லாமல் இருக்கிறது. மேனேஜர் லீவு கொடுக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டாவது வா. பதில் கடிதம் எழுதாதே, இந்த முறை நான் வாசிக்கமாட்டேன்.

அக்கா