நல்ல இருட்டு

ஜூன் 3

ஆந்தையாருக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். என்னைப் பிரிந்திருக்கும் கணவருக்கு என்ன குறை? நிம்மதியாக இருட்டில் தூங்குவீர்கள். நான் அண்ணன் வீட்டு மாடியறையில் வழக்கம்போல விளக்கை எரியவிட்டே படுக்கிறேன். அண்ணி முகத்தைச் சுளிக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். மார்பில் ஒரு கட்டி. கெட்ட கட்டிதானாம். ஊசியில் ஏதோ ஒளிரும் நானோ துகளை ஏற்றி, அதன் வெளிச்சத்தைப் பார்த்து வெட்டி எடுப்பார்களாம். டாக்டர் உங்கள் ஆய்வகத்தின் பெயரைச் சொன்னார். சிரிப்பதா அழுவதா?

ஆனால் நடுவில் ஆபரேஷன் அறை விளக்குகளை அணைப்பார்களாம். "அணைக்காம பண்ண முடியாதா டாக்டர்?" என்றேன். "நீங்க மயக்கத்துல இருப்பீங்கம்மா, ஒண்ணும் தெரியாது" என்றார். எனக்கா தெரியாது? நான் தூங்கியதும் பூனை மாதிரி எழுந்து நீங்கள் விளக்கை அணைத்தது ஒவ்வொரு தடவையும் எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இப்படிக்கு,
மூன்று வருஷமாக உங்கள் தூக்கத்தைக் கெடுக்காதவள்


ஜூன் 6

என் பயந்தாங்கொள்ளிக்கு,

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிடிவாதத்துக்கு ஓர் அளவே இல்லையா உனக்கு?

கேள். அந்தத் துகள் கட்டியைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். கேமராவின் கண்ணுக்கு மட்டும் மினுங்கும். அறையில் விளக்கு எரிந்தால் பகல் நிலா மாதிரி, இருந்தும் தெரியாது. மினுங்குவதையெல்லாம் எடுத்த பிறகு திரை இருண்டுவிட வேண்டும். இருண்டால் நீ பிழைத்தாய்.

துகளோடு ஆய்வக ஆள் ஒருவர் உள்ளே நிற்கலாமாம். கெஞ்சிக் கூத்தாடி நானே வர அனுமதி வாங்கிவிட்டேன். அணைக்கும்போது உன் கால்மாட்டில் இருப்பேன். மாட்டேன் என்று மட்டும் சொல்லாதே. நான் இங்கே நிம்மதியாகத் தூங்குகிறேன் என்று யார் சொன்னது?

ஆந்தை


ஜூன் 15

ஆந்தையாருக்கு,

சரி, நில்லுங்கள். சுவிட்சைத் தொடக்கூடாது.

இன்று ஊசி போட்டார்கள். போர்வைக்குள் தலையை விட்டு, மின்னுகிறேனா என்று பார்த்தேன். ஒன்றுமில்லை. மின்னியிருந்தால் நமக்குள் சண்டையே வந்திருக்காதே! ஆனால் கண்ணை மூடினால், எனக்குள் யாரோ செருப்பைக் கழற்றிவிட்டு, கைவிளக்கோடு ஒவ்வோர் அறையாகத் தேடி நடப்பது போலிருக்கிறது. நடை உங்கள் நடை.

பயமாக இருக்கிறது. வந்துவிடுங்கள்.

பயந்தாங்கொள்ளி


ஜூன் 16

கண்ணம்மா,

நீ இன்னும் விழிக்கவில்லை. உன் அண்ணன் வெளியே உட்கார்ந்திருக்கிறார், என் முகத்தைப் பார்க்கமாட்டேன் என்கிறார். அதனால் இதை நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

விளக்கை அணைத்தார்கள் (நான் இல்லை, சத்தியமாக). திரையில் அது மினுங்கியது. அழகாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. எடுத்தார்கள். மறுபடி அணைத்தபோது ஓரத்தில் ஒரு பொட்டு மிச்சம் இருந்தது. வெளிச்சத்தில் யார் கண்ணுக்கும் தப்பியிருக்கும். அதையும் எடுத்தார்கள். இன்னொரு தடவை அணைத்தார்கள். திரை முழுக்க இருட்டு. "ஒண்ணுமில்ல, சுத்தமா இருக்கு" என்றார் டாக்டர். வாழ்நாளெல்லாம் இருட்டில் வேலை பார்த்தவன், அப்படி ஒரு நல்ல இருட்டைப் பார்த்ததில்லை.

அப்போது உன் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. "யாருங்க அது, தொடாதீங்க!" என்று நர்ஸ் ஒரு அதட்டு அதட்டினாள்.

உன் ஆந்தை


ஜூலை 2

என்னங்க,

தையல் பிரித்தாயிற்று. உடம்பு தேறிவருகிறது.

மயக்கத்தில் ஒன்றும் தெரியாதாம். பெருவிரலை யாரோ பிடித்திருந்தது தெரிந்தது என்றால் டாக்டர் சிரிப்பார். அதனால் உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

நேற்று நானே எழுந்து விளக்கை அணைத்தேன். பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். காலைப் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டு வெகுநேரம் படுத்திருந்தேன். பிடிக்கத்தான் ஆளில்லை.

அண்ணனிடம் பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போங்கள்.

உங்கள் பயந்தாங்கொள்ளி