என் வயலின் தண்ணீர்ப் பங்கு

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாவா?

"அணுமின் நிலையத்துக்கு உவ்வளவு தண்ணி என்னத்துக்கடா?" என்று போனில் கேட்டீர்கள். உலையின் சூட்டில் எழும் நீராவிதான் மின்சாரம் எடுக்கும் சில்லுச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்த நீராவியைக் குளிரவைக்கக் கடல் தண்ணீரை வாய்க்கால் வெட்டி உள்ளே எடுக்கிறார்கள். வேலை முடிந்ததும் கொஞ்சம் சூடாக அதைக் கடலுக்கே திருப்பி விடுகிறார்கள். வாய்க்கால் வாசலில் வலை துப்புரவாக்குவது என் வேலை. போன கிழமை ஜெலிமீன் கூட்டம் வந்து அடைத்துவிட்டது. அள்ளியதில் கை வீங்கியது, இப்போது பரவாயில்லை.

நேற்று நிரோஜினி போனில் அழுதாள். சிறுபோக நெல்லுக்குக் குளத்துத் தண்ணீர் பங்கிடும் கூட்டத்தில் என் வயலுக்குரிய தண்ணீர்ப் பங்கை அண்ணாவுக்கு விடச்சொல்லி நீங்களே எழும்பிச் சொன்னீர்களாம். "அவன் வெளிநாட்டில நிக்கிறான், அவனுக்கு என்னத்துக்குத் தண்ணி?" என்றீர்களாம். என் மனைவி நிரோஜினியும் பிள்ளையும் அங்கே முரசுமோட்டையில்தானே இருக்கிறார்கள், ஐயா? "உன்ர பங்கை நான் பாக்கிறன், நீ யோசிக்காமப் போ" என்று சொல்லிப் பஸ் ஏற்றிவிட்டதும் நீங்கள்தானே?

போனில் கதைத்தால் கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். என்னோடு வேலை செய்யும் றம்சீன் ஊருக்கு வருகிறான், அவன் இதைத் தருவான். அவனிடம் அம்மா இடித்த மிளகாய்த்தூள் கொஞ்சம் கொடுத்துவிடுங்கள். இங்கத்தைய சாப்பாடு வாய்க்குள் போகுதில்லை.

வேலைக்குப் பஸ் வந்துவிட்டது. சிறுபோக நெல் வெட்டியதும் அண்ணா எனக்குப் புது அரிசி அனுப்புவாராம். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் இளைய மகன்,
கஜீபன்